வள்ளி கும்மி ரெக்கார்டிங் பாதில நிக்காம இருக்க நான் செஞ்சது

கோபி பக்கம் எங்கூர்ல வள்ளி கும்மின்னா மணிக்கணக்குல போகுமுங்க, என்ற டிஎஸ்எல்ஆர் கேமரா 29 நிமிஷம் 59 செகண்டுல தானா நின்னுக்கும். அரை மணி நேரத்துக்கு மேல ஓடுனா முன்னெல்லாம் ஐரோப்பாவுல வீடியோ கேமரான்னு வரி ஜாஸ்தியா இருந்துச்சு, அதுக்காக வெச்ச லிமிட்டாம். என்ற பொண்ணு மொத தடவ ஆடுனப்ப கடைசி அடவு பூரா விட்டுப்போச்சு, இன்னும் மனசு ஆறலைங்க.

பொறவு ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியா கேப்சர் கார்டுல (கேமரா படத்த லேப்டாப்புக்குள்ள கொண்டுபோற சின்ன டப்பா) குடுத்து, லேப்டாப்புல ஓபிஎஸ்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வெச்சு ரெக்கார்ட் பண்ணுனேன். மொதல்ல படத்து மேல பேட்டரி, ஐஎஸ்ஓ எழுத்தெல்லாம் வந்துச்சு, மெனுவுல ஹெச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளேவ ஆஃப் பண்ணுனதும் சுத்தமாயிருச்சு, ஆனா சில பழைய மாடல்ல இந்த வசதியே இருக்காது, பாத்துக்குங்க. கேமராவுல ரெக்கார்ட் பட்டன அமுக்கவே வேண்டாம், லைவ் வியூ (கேமரா ஸ்க்ரீன்ல படம் நேரா தெரியறது) போதும், ஆட்டோ பவர் ஆஃப மட்டும் எடுத்துவுட்டுருங்க. பேட்டரிக்கு பதிலா டம்மி பேட்டரி (பேட்டரி வடிவத்துல ஒயரோட வர்ற அடாப்டர்) போட்டு கரண்ட்ல ஓட்டுனேன்.

ரொம்ப படுத்துனது மினி ஹெச்டிஎம்ஐ ஒயருதாங்க, சலங்க கட்டி மிதிக்கற அதிர்வுக்கே லூசாகி படம் கட்டாச்சு, ஒயர ட்ரைபாட் கால்ல ரெண்டு சுத்து சுத்தி டேப் ஒட்டுனதுக்கப்பறம் அசையல. சத்தம் படத்தோட சேரல, ஓபிஎஸ்ல சிங்க் ஆஃப்செட்ட (சத்தத்த முன்ன பின்ன தள்ளற செட்டிங்) கொஞ்சங்கொஞ்சமா மாத்தி கைதட்டோட ஒட்ட வெச்சேன்.