மார்மன் ஊழியத்தில் பிள்ளைகள் சொல்லாமல் விடும் விஷயங்கள்

காலை ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. எங்கே போனாலும் இருவராகவே போக வேண்டும். உலகம் மார்மன் என்று அழைத்துப் பழகிய பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் இளம் ஊழியக்காரர்களை இப்படித்தான் தெருவில் பார்த்திருப்பீர்கள். வேறு ஊருக்குப் போய்த் தங்கள் மார்க்கத்தைப் போதிக்கும் இந்த ஊழியம் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது, செலவுக்கு அவர்களே பணம் சேர்த்துக்கொண்டு போகிறார்கள், அல்லது குடும்பம் கொடுக்கிறது. ஆண்கள் புறப்படுவதற்கான குறைந்தபட்ச வயது 2012இல் 19இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. அதனால் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு பெட்டி கட்டுகிற பிள்ளைகள் அதிகம்.

நானும் போய்த் திரும்பியவன். புறப்படுகிற பிள்ளைகளோடு இப்போது உட்கார்ந்து பேசுகிறேன். விதியை மீறியதால் துன்பப்பட்டவர்களைக் காட்டிலும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு துவண்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இங்கே எழுதுகிற தவறுகள் பலவும் அந்த அடக்கத்திலிருந்து வருபவை.

முதல் தவறு ஊழியத்தில் தங்குகிற வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. கம்பேனியன் என்று எல்லாரும் சொல்கிற அந்தக் கூட்டாளியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வேறு ஊர், வேறு மொழி, வேறு சாப்பாட்டுப் பழக்கம் உள்ள ஒருவரோடு ஒரே அறையில் தூங்கி, ஒன்றாகப் படித்து, ஒன்றாக நடக்க வேண்டும். குளியலறை தவிர எந்த நேரமும் ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்க வேண்டும். அவர் பாத்திரம் கழுவாமல் போடுவதும், காலையில் அலாரத்தை மூன்று முறை தள்ளிவைப்பதும், நாம் பேசும்போது குறுக்கே புகுவதும் நாலு நாளில் தாங்க முடியாததாகிவிடும். அப்போது பெரும்பாலான பிள்ளைகள் மனதுக்குள் கணக்குப் போடுகிறார்கள். ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டால் போதும் என்பது அந்தக் கணக்கு.

அந்த ஆறு வாரம் இருவருக்கும் வீணாகிவிடும். வாரத் திட்டமிடலின் முடிவில் கூட்டாளிகள் இருவரும் தங்கள் உறவைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும் என்று ஊழியத்தில் ஒரு நேரமே வைத்திருக்கிறார்கள். "என்னால் உனக்கு ஏதாவது கஷ்டமா?" என்று ஒருவர் கேட்பார். "ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று மற்றவர் சொல்வார். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நானும் என் இரண்டாவது கூட்டாளியிடம் ஐந்து வாரம் தொடர்ந்து அதையே சொன்னேன். ஆறாவது வாரம், அவர் சரியாகப் பேசுவதில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டபோதுதான் அவருடைய பாட்டி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் தூங்கிய மனிதர். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதனால் புறப்படும் பிள்ளைகளிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குறையைச் சின்னதாக இருக்கும்போதே, அன்றைக்கே, சமைக்கும்போதோ நடக்கும்போதோ சொல்லிவிடுங்கள். வாரக் கடைசிக்கு என்று சேர்த்துவைத்தால் அது குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் ஆகிவிடும். இன்னொன்று, அவருடைய வீட்டைப் பற்றிக் கேளுங்கள். அம்மா என்ன சமைப்பார், தம்பி என்ன படிக்கிறான் என்று கேட்டு அறிந்த ஒருவரை வெறுப்பது கடினம்.

அடுத்தது எண்ணிக்கை. எத்தனை பேருக்குப் புதிதாகப் போதித்தோம், எத்தனை பேர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள் என்று ஒவ்வொரு வாரமும் கணக்குக் கொடுக்க வேண்டும். திட்டமிட அது தேவைதான். ஆனால் 18 வயதுப் பிள்ளைக்கு அந்த எண் பள்ளி மதிப்பெண்ணாகத் தெரிகிறது. எண் குறைந்தால் தன் விசுவாசமே குறைந்துவிட்டதாக நினைத்து அழுகிறவர்கள் உண்டு. எண்ணை எப்படியாவது ஏற்றிவிடத் துடிக்கிறவர்களும் உண்டு.

அந்தத் துடிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சபையின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில், பேஸ்பால் விளையாடலாம் என்று சிறுவர்களைத் திரட்டி, ஏதோ விளையாட்டுச் சங்கத்தில் சேர்வதுபோல் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். தாங்கள் எதில் சேர்ந்தோம் என்பதே பல சிறுவர்களுக்குப் புரியவில்லை. பின்னால் அவர்களில் பலருடைய பெயர்களைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. பேஸ்பால் ஞானஸ்நானம் என்ற பெயர் அந்தக் காலத்தின் மேல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்த ஊழியக்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் நம்பவில்லை. வாரக் கணக்குக்கு அஞ்சிய பிள்ளைகள் அவர்கள்.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சபையின் ஊழியக்காரரான ரிச்சர்ட் பாலன்டைன் 1853இல் மதராஸில் வந்து இறங்கினார். ஏறத்தாழ ஓராண்டு இருந்தார். துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார், கூட்டம் நடத்தினார். சேர்ந்தவர்கள் மிகச் சிலர். வாரக் கணக்கு எழுதியிருந்தால் பெரும்பாலும் சுழியம்தான் எழுதியிருப்பார். அவர் வந்து 140 ஆண்டு ஆனபின், 1993இல், இந்தியாவுக்கு என்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஊழியப் பகுதி அமைந்தது. நம் எண் சிறியது என்று கலங்குகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்.

எண்ணோடு சேர்ந்தது, சேர வருகிறவர்களிடம் பாதி விஷயத்தைச் சொல்லாமல் விடுவது. காபி, டீ, மது, புகையிலை கிடையாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. திருமணத்துக்கு வெளியே உறவு கூடாது. இவற்றைக் கடைசி வாரத்தில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது, நம்பி வந்தவருக்குச் செய்கிற துரோகம். மனைவி அறியாமல் கணவனுக்கோ, பெற்றோர் அறியாமல் பிள்ளைக்கோ ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்பது சபையின் விதியே. அந்த விதி இல்லாவிட்டாலும் ஒரு குடும்பத்துக்குள் ரகசியத்தை நட்டுவிட்டு வர நமக்கு உரிமை இல்லை.

காபி என்றதும் நம் வீடுகள் நினைவுக்கு வருகின்றன. வாசற்படி ஏறியதும் டம்ளர் நீளும். சில பிள்ளைகள் "வேண்டாம்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வீட்டம்மாவின் முகம் வாடிவிடும். வேறு சிலர் வயிறு சரியில்லை என்று பொய் சொல்கிறார்கள். மார்க்கத்தைப் பற்றிப் பேச வந்த வீட்டில் முதல் வார்த்தையே பொய்யாக இருக்கலாமா? "அம்மா, நாங்கள் காபி சாப்பிடுவதில்லை என்று உறுதி எடுத்திருக்கிறோம். மோர் இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் போதும்" என்று கேட்டு வாங்கிக் குடியுங்கள். விரதங்கள் நிறைந்த நாடு இது. சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

18 வயதுப் பையனானாலும் பெயர்ப்பட்டையில் மூப்பர் என்ற பட்டம் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அறுபது வயது இருக்கும். அவர் வீட்டுச் சாமி படத்தைப் பற்றி, அவர் தொழுகையைப் பற்றி ஒரு சொல்கூட இளக்காரமாக வரக் கூடாது. மனப்பாடம் செய்ததை அவரிடம் ஒப்பிக்கவும் கூடாது. 1961இல் உலகம் முழுவதற்கும் ஒரே மாதிரியான பாடங்களை வகுத்து மனப்பாடம் செய்யவைத்த சபையே, 2004இல் அந்த முறையை விட்டு, ஆளுக்கு ஏற்றபடி சொந்த வார்த்தையில் பேசச் சொல்லிவிட்டது. கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசல் மறுபடியும் திறக்கிறது.

உடம்பு விஷயத்தில் மறைப்பது ஆபத்து. காய்ச்சலோடு வெயிலில் சைக்கிள் மிதிப்பதைத் தியாகம் என்று நினைக்கிறார்கள். காய்ச்சாத தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றுப்போக்கை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். மனச்சோர்வை இன்னும் ஆழமாகப் புதைக்கிறார்கள். இரவில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், காரணமின்றி நெஞ்சு படபடத்தால் அது சோம்பலும் அல்ல, பாவத்தின் தண்டனையும் அல்ல. அன்றைக்கே ஊழியத் தலைவரிடமோ அவர் மனைவியிடமோ போன் செய்து சொல்ல வேண்டும். ஜெபமும் மருத்துவரும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, காய்கறி வாங்க, முடி வெட்டிக்கொள்ள என்று ஆயத்த நாள் கொடுக்கிறார்கள். அதையும் வேலையால் நிரப்பாமல் மதியம் கொஞ்சம் தூங்குங்கள்.

முன்பெல்லாம் வீட்டுக்குப் போனில் பேசுவது அன்னையர் தினத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும்தான். 2019 பிப்ரவரியிலிருந்து வாரந்தோறும் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். இது பெரிய ஆறுதல். ஆனால் பிள்ளை திரைக்கு முன்னால் சிரித்து நடிக்கிறது. அம்மா அந்தப் பக்கம் அழுகையை மறைத்துக்கொண்டு "நாங்கள் நன்றாக இருக்கிறோம்" என்கிறார். இருவருக்கும் அடுத்த வாரம் இன்னும் கனமாகிவிடுகிறது. பெற்றோரே, "சாப்பிட்டாயா" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்த வாரம் எது கடினமாக இருந்தது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாமல் காத்திருங்கள்.

காலம் முடியும் முன்பே சிலர் திரும்பி வருவார்கள். உடம்போ மனமோ இடம் கொடுக்காமல் வருகிறவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்கு நாம் செய்கிற தவறுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஊரார் கேட்பார்களே என்று வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதும், "எப்போது மறுபடி போவாய்" என்று முதல் நாளே கேட்பதும், 24 மாதம் முடித்த அண்ணனோடு ஒப்பிடுவதும் நடக்கின்றன. நாலு மாதம் செய்ததும் ஊழியம்தான். ரயிலடிக்கு முழுக் குடும்பமும் போய் அழைத்து வாருங்கள். அவனுக்குப் பிடித்ததைச் சமையுங்கள். முதல் ஞாயிறன்று சபை முன்னால் நிறுத்திப் பேசவைக்காதீர்கள். அவனாக வாய் திறக்கும் நாள் வரும். அன்று வீட்டில் யாராவது ஒருவர் வேலையை ஒதுக்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.