பறவைப் பேன்களை இனம் காண்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

கோழியின் இறகைப் பிரித்துப் பார்த்தால் ஊர்ந்து ஓடுவதை எல்லாம் ‘கோழிப்பேன்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கோழிகளின் மேல் ஏழு சிற்றினங்களுக்கும் மேல் காணப்படுகின்றன. அவை அனைத்தும் ஒரே பிரிவைச் சேர்ந்தவையும் அல்ல. அதனால் எந்தப் பறவையில் கிடைத்தது என்பதை மட்டும் வைத்துப் பேனுக்குப் பெயர் சொல்ல முடியாது. முதலில் தலையைப் பார்க்க வேண்டும், அப்புறம் உடம்பை, கடைசியாகத்தான் ஓம்புயிரியை, அதாவது பேன் வாழும் பறவையை. இந்த வரிசை மாறினால் நாம் எதிர்பார்த்ததைத்தான் லென்ஸிலும் பார்ப்போம்.

தேவையானவை: பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் (ஸ்டீரியோ நுண்ணோக்கி இருந்தால் இன்னும் நல்லது), வெள்ளைத்தாள், மெல்லிய தூரிகை, மூடியுள்ள சின்னக் குப்பிகள், 70 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால், பென்சில். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும்.

படி 1: சேகரிப்பு

வளர்ப்புக் கோழி, புறாவிலிருந்து தொடங்குங்கள். காட்டுப் பறவைகளைப் பிடிக்கவும் கையாளவும் பல நாடுகளில் சட்டப்படி அனுமதி வேண்டும். நோயால் இறந்ததுபோலத் தெரியும் பறவையைத் தொடவே வேண்டாம்.

பறவையை வெள்ளைத்தாளின் மேல் பிடித்துக்கொண்டு, இறகுகளை எதிர்த்திசையில் மெல்லக் கோதுங்கள். விழும் பேன்களை ஆல்கஹாலில் நனைத்த தூரிகை நுனியால் எடுத்துக் குப்பியில் போடுங்கள். ஒரு பறவைக்கு ஒரு குப்பி, ஒரு தாள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரண்டு பறவைகளை ஒரே பையில் வைத்தால் ஒன்றின் பேன் மற்றொன்றுக்கு ஏறிவிடும், ஓம்புயிரி பற்றிய பதிவு அங்கேயே கெட்டுப்போகும். சீட்டில் பறவையின் பெயர், தேதி, இடம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றோடு உடம்பின் எந்தப் பகுதியில் கிடைத்தது என்பதையும் குறியுங்கள். நான்காம் படியில் அது தேவைப்படும்.

படி 2: பேன்தானா?

கால்களை எண்ணுங்கள். பேனுக்கு ஆறு, வளர்ந்த உண்ணிக்கும் சிற்றுண்ணிக்கும் எட்டு. தெள்ளுப்பூச்சிக்கும் ஆறு கால்தான், ஆனால் அது பக்கவாட்டில் ஒடுங்கியது, துள்ளும். பேன் மேலிருந்து கீழாகத் தட்டையானது, துள்ளாது, இறக்கையும் இல்லை. பறவைகளின் மேல் வாழும் பேன்கள் எல்லாமே மென்று தின்பவை. உறிஞ்சும் பேன்கள் பாலூட்டிகளின் மேல் மட்டுமே உண்டு.

படி 3: தலையைப் பாருங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது.

பழைய நூல்கள் மெல்லும் பேன்களை எல்லாம் ‘மலோஃபேகா’ என்ற ஒரே வரிசைக்குள் அடைத்தன. இன்று அது இயற்கையான குழுவாகக் கருதப்படுவதில்லை. புத்தகப்பேன், மரப்பட்டைப்பேன் ஆகியவற்றோடு எல்லா ஒட்டுண்ணிப் பேன்களையும் சேர்த்து ‘சோகோடியா’ என்ற வரிசையில் வைக்கிறார்கள். பறவைகளைப் பொறுத்தவரை நமக்கு வேண்டியவை இரண்டே பிரிவுகள்: அம்ப்ளிசெரா, இஸ்க்னோசெரா.

உணர்கொம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தலையின் பக்கவாட்டில் இழைபோல நீட்டிக்கொண்டு தெளிவாகத் தெரிந்தால் இஸ்க்னோசெரா. தலைக்கு அடியில் உள்ள பள்ளத்துக்குள் மடங்கி மறைந்திருந்தால் அம்ப்ளிசெரா. வெளியே தெரிந்தாலும் அதன் நுனி குண்டாக இருக்கும். அம்ப்ளிசெராவுக்கு வாயருகே சின்ன உணர்நீட்சிகள் உண்டு, அவையும் சில நேரம் எட்டிப் பார்க்கும். தொடங்குபவர்கள் அதைத்தான் உணர்கொம்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தலையின் முன்பக்கம் இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தறியுங்கள். நுண்ணோக்கி இருந்தால் தாடையையும் பாருங்கள்: அம்ப்ளிசெராவின் தாடைகள் கிடைமட்டமாக அசையும், இஸ்க்னோசெராவுடையவை செங்குத்தாக.

நடத்தையிலும் வேறுபாடு தெரியும். அம்ப்ளிசெரா தோலின் மேல் வேகமாக ஓடும், சில இரத்தத்தையும் உண்ணும். இஸ்க்னோசெரா இறகைப் பற்றிக்கொண்டு இறகிழைகளைத் தின்று வாழும்.

படி 4: உடலமைப்பும் இடமும்

இஸ்க்னோசெராவுக்கு இந்தப் படி அழகாகப் பொருந்தும். பறவை அலகால் கோதித்தான் பேனை ஒழிக்கிறது. அதிலிருந்து தப்பும் வழி உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் வேறு. இறக்கையில் வாழ்பவை மெலிந்து நீண்டிருக்கும், இறகிழைகளுக்கு இடையே நுழைந்து படுத்துக்கொள்ளும். உடம்பில் வாழ்பவை குட்டையாக, அகலமாக இருக்கும், தூவிக்குள் புதையும். தலையில் வாழ்பவை பருத்து, பெரிய முக்கோணத் தலையோடு இருக்கும். பறவையின் அலகு அதன் தலைக்கு எட்டாது, எனவே அவை ஒளியத் தேவையில்லை.

நிறத்தை நம்ப வேண்டாம். வெளிர் இறகுப் பறவைகளில் வெளிர் பேனும், கருநிறப் பறவைகளில் கருமையான பேனும் இருப்பது வழக்கம். அது மறைந்து வாழ்வதற்கான நிறம், உறவைக் காட்டாது.

படி 5: இப்போது ஓம்புயிரி

கோழியில் கிடைத்தது அம்ப்ளிசெரா என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வயிற்றின் மேற்புறத்தில் ஒவ்வொரு கண்டத்திலும் (வளையம் போன்ற பகுதியிலும்) முடிகள் ஒரே வரிசையாக இருந்தால் மெனோபான் காலினே. இரண்டு வரிசையாக இருந்தால் மெனகாந்தஸ் ஸ்ட்ராமினியஸ். பின்னது மலவாயைச் சுற்றியுள்ள இறகுகளின் அடியில் கொத்துக் கொத்தாக ஈர் வைக்கும். இஸ்க்னோசெரா என்றால், இறக்கையில் மெலிந்தது லிப்யூரஸ் கேபோனிஸ், தலையிலும் கழுத்திலும் இருப்பது குக்ளோடோகாஸ்டர், குட்டையாகச் சிறியது கோனியோகோடஸ், அகன்று பெரியது கோனியோடஸ்.

மாடப்புறாவில் நீண்டது கொலம்பிகோலா கொலம்பே, குட்டையானது கம்பானுலோடஸ். இந்தக் கொலம்பிகோலா புறாவில் இரத்தம் குடிக்கும் ஈயின் காலைப் பற்றிக்கொண்டு வேறு புறாவுக்குப் பறந்து போகும். கம்பானுலோடஸால் அப்படிப் பற்ற முடிவதில்லை.

ஓம்புயிரியோடு இறுக்கமாகப் பிணைந்த பேரினங்களும் உண்டு. பியாஜெட்டியெல்லா கூழைக்கடாவின் தொண்டைப் பைக்குள் வாழ்கிறது. இருப்பதிலேயே பெரிய பேன்களைக் கொண்ட லேமோபோத்ரியான் பருந்து, கழுகு போன்றவற்றில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். குயில் குஞ்சு வேறு பறவையின் கூட்டில் வளர்ந்தாலும், குயில்களுக்கே உரிய பேன்கள் அதற்குப் பின்னாளில் மற்றக் குயில்களோடு சேரும்போது வந்துவிடுகின்றன.

ஆனால் பட்டியலை மூடிய கதவாக நினைக்காதீர்கள். 1914இல் அழிந்த பயணிப் புறாவோடு கொலம்பிகோலா எக்ஸ்டிங்டஸ் என்ற பேனும் அழிந்துவிட்டதாகவே நம்பப்பட்டது. அதே பேன் பட்டைவால் புறாவின் மேல் உயிரோடு வாழ்வது பிறகு தெரியவந்தது. பூநாரைகளின் பேன்கள் வாத்துகளின் பேன்களை ஒத்திருப்பதைக் காட்டி அவ்விரு பறவைகளும் நெருங்கிய உறவு என்று ஒருகாலத்தில் வாதிட்டார்கள். மரபணு ஆய்வுகள் பூநாரையை முக்குளிப்பானோடு சேர்த்தன. பேன் ஓம்புயிரி மாறவும் கூடும் என்பதை மறந்துவிட்டதால் வந்த குழப்பம் அது.

சரி, தலையும் உடம்பும் ஒரு பேரினத்தைச் சொல்கின்றன, ஓம்புயிரி அதற்குப் பொருந்தவில்லை. என்ன செய்வது? ஒரே ஒரு பேன் மட்டும் கிடைத்திருந்தால் அது வழிதவறி வந்ததாக இருக்கலாம், வேட்டையாடும் பறவைக்கு இரையிடமிருந்து ஒட்டியும் இருக்கலாம். ஆண், பெண், இளம்பேன், ஈர் எல்லாம் அதே பறவையில் கிடைத்தால் அது அங்கே குடும்பம் நடத்துகிறது என்று பொருள். அப்போது சீட்டில் உள்ளதைத் திருத்தாமல், கண்டதைக் கண்டபடி எழுதி, ஆணையும் பெண்ணையும் ஆல்கஹாலில் பத்திரப்படுத்துங்கள். சிற்றினத்தை உறுதி செய்ய ஆணின் இனப்பெருக்க உறுப்பைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். அதற்கு முழு உடலும் சேதமில்லாமல் இருக்க வேண்டும்.