நீலகிரிக் கதைக்கு கேரக்டர் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டிஎன்டி) என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிற மேசை ஆட்டம். அதை ஆடப் பழகியவர்களுக்குச் சீக்கிரமே ஓர் ஆசை வந்துவிடும். கோட்டையும் கவச வீரனும் போதும், கோத்தகிரியிலோ கூடலூரிலோ நடக்கிற ஒரு கதையை நம் ஆட்களை வைத்தே ஆடலாமே என்று தோன்றும். நல்ல ஆசைதான். 1974இல் வந்த முதல் பதிப்பில் சண்டைக்காரர், மந்திரவாதி, மதகுரு என்று மூன்றே வகைக் கேரக்டர்கள் இருந்தன. திருடன் அடுத்த வருடம் ஒரு துணைப் புத்தகத்தில்தான் வந்து சேர்ந்தான். தேவைக்கேற்ப வகையைக் கூட்டிக்கொள்வது இந்த ஆட்டத்துக்குப் புதிதில்லை.

ஆனால் கேரக்டர் அமைக்க உட்கார்ந்ததும் பெரும்பாலோர் முதலில் எழுதுவது, பகடையில் விழுவதோடு கூட்டிக்கொள்ளும் எண்களைத்தான். ஜீப் டிரைவரா, ஓட்டுவதற்கு +10. தோட்டக் காவலரா, தடம் பார்ப்பதற்கு +8. பெயரும் எண்ணும் வேறு என்பதால் கேரக்டரும் வேறாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆட ஆரம்பித்தால் யாருடைய எண் பெரிதோ அவர் பகடையை உருட்டுவார், மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம். கரடி ஊருக்குள் வருவதும், கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவதும் கோத்தகிரி, குன்னூர் பக்கம் பழகிய செய்தி. இரவு நேரம், நல்ல மூடுபனி, லைன் வீடுகளுக்கு மேலே சின்ன மாரியம்மன் கோயில். உள்ளே கரடி. பூசாரியின் பேரன் சிலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான்.

டிரைவராக ஆடுகிற தம்பி ஆட்டத்தை நடத்துபவரிடம் சொல்கிறான்: "அண்ணா, ஜீப்பைக் கதவுக்கு நேரா நிறுத்தி ஹெட்லைட் போடுறேன்." காவலராக ஆடுபவர் உடனே தடுக்கிறார்: "வேண்டாம்டா. அது வந்த வழியை நீ அடைச்சிட்டா பையன் பக்கம்தான் திரும்பும். ஓடைப் பக்கம் திறந்து விடு." மருத்துவச்சிக்குக் கரடியைப் பற்றிய யோசனையே இல்லை. பின்சுவர் ஜன்னல் வழியாகப் பையனிடம் பேச்சுக் கொடுத்து, அவன் அழாமல் பார்த்துக்கொள்கிறார். தேநீரைச் சுவைத்துத் தரம் பார்க்கும் டீ டேஸ்டர், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முகர்ந்து பார்த்துவிட்டு, ஓடை மேட்டில் எண்ணெயை ஊற்றினால் வாசனை உள்ளே போகும் என்கிறார்.

இவர்கள் நான்கு தனித்தனி ஆட்கள் என்று தெரிந்துகொள்ள கேரக்டர் ஷீட்டைப் பார்க்கவே வேண்டாம். ஒவ்வொருவர் கண்ணிலும் படுவது வேறு, ஒவ்வொருவரும் பயப்படுவது வேறு. அந்தக் கவனிப்புக்கு ஆட்டத்தில் பலன் கிடைக்க வழிசெய்வதுதான் நாம் மாற்றுகிற விதியின் வேலை. சண்டைக்கான திறன்களை மட்டுமே எழுதி வைத்திருக்கும் ஒரு கேரக்டரை இதே கோயில் வாசலில் நிறுத்திப் பாருங்கள், அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது.

சரி, +10இல் அப்படி என்ன கெட்டுவிடும்? இருபது முகப் பகடையில் ஒவ்வொரு +1ம் 5 சதவீதம். பகடையும் போனஸும் கூட்டி எட்ட வேண்டிய இலக்கு, ஐந்தாம் பதிப்பில் நடுத்தரமான காரியத்துக்கு 15. +10 உள்ள டிரைவருக்கு 5 விழுந்தாலே போதும், 80 சதவீத வாய்ப்பு. இவருக்கும் சவால் வேண்டுமே என்று இலக்கை 25க்கு ஏற்றுவீர்கள். அப்போது டிரைவருக்கு 30 சதவீதம் மிஞ்சும். +2 வைத்திருப்பவருக்கோ 20 விழுந்தாலும் கூட்டினால் 22தான். அந்தக் கதையில் அவர் ஸ்டியரிங்கையே தொட முடியாது.

இதற்குப் பதிலாக அட்வான்டேஜ் கொடுங்கள், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வது. 11 விழவேண்டிய இடத்தில் 50 சதவீதம் 75 ஆகும். 20 விழுந்தே தீரவேண்டிய இடத்தில் 5 சதவீதம் 10ஐக்கூட எட்டாது. கைகூடக்கூடிய காரியத்தில் தேர்ச்சி பளிச்சென்று தெரியும், ஆகாத காரியம் ஆகாததாகவே இருக்கும். அதையும் நிபந்தனையோடு கொடுங்கள்: ‘பழகிய ரோட்டில் ஓட்டும்போது’, ‘ஆடுமாடு மேய்ந்த தடம் இருக்கும்போது’. நிபந்தனை இருந்தால் ஆடுபவர் அதைத் தேடிப் போவார், ரோட்டை மாற்றச் சொல்லி மற்றவர்களோடு வாதாடுவார். கேரக்டருக்கு உயிர் வருவது அங்கேதான்.

அடுத்த தவறு, பொருந்தாத விதி என்று கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கி எறிவது. டீ டேஸ்டரையே எடுத்துக்கொள்வோம். வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, ஒரு கரண்டி தேநீரைச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார்களே, அவர்களில் ஒருவர். அவருக்கு ரோக் (மேலே சொன்ன திருடன்) வகை அழகாகப் பொருந்தும். ரோக்குக்கு உள்ள எக்ஸ்பர்டீஸ் என்ற திறன், தேர்ந்தெடுத்த திறமைகளில் பயிற்சி போனஸை இரட்டிப்பாக்குகிறது. முதல் லெவலில் விஸ்டம் என்ற கவனிப்புப் பண்பு 16 இருந்தால் +3, இரட்டித்த பயிற்சி +4, மொத்தம் +7. இலக்கு 15 என்றால் 65 சதவீதம். முகர்ந்தே கண்டுபிடிக்கிற ஒருவருக்கு இது தாராளம்.

ஆனால் ‘டீ டேஸ்டர் எதுக்கு முதுகில் குத்தணும்’ என்று, சமயம் பார்த்து அடித்தால் கூடுதல் காயம் தரும் ஸ்னீக் அட்டாக்கை நீக்கிவிடுவார்கள். கேரக்டர் அத்தோடு படுத்துவிடும். ஃபைட்டருக்கு (சண்டைக்காரர்) ஐந்தாம் லெவலில் ஒரே முறையில் இரண்டாவது அடி கிடைக்கிறது, ரோக்குக்குக் கிடையாது. அதை ஈடுகட்டத்தான் ஸ்னீக் அட்டாக் ஓர் ஆறுமுகப் பகடையில் தொடங்கி, இரண்டு லெவலுக்கு ஒன்று என்று ஏறிக்கொண்டே போகிறது. அதை எடுக்காமல் கொஞ்சம் திருப்பிப் போடலாம். டேஸ்டர் தன் முறையைச் செலவழித்து எதிராளியின் தடுமாற்றத்தைக் கவனித்துக் கூவுகிறார். எதிராளிக்குப் பக்கத்தில் நிற்கும் கூட்டாளியின் அடுத்த அடி பட்டால் அந்தப் பகடைகள் அதில் சேரும். பக்கத்தில் கூட்டாளி நிற்பது மூல விதியிலும் ஒரு நிபந்தனைதான். ஒரு முறைக்கு ஒரு தடவை என்ற வரம்பையும் அப்படியே விட்டுவிடுங்கள். ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் விதிகள் எழுதப்பட்ட கதை நமக்குத் தெரியும். பில்லியர்ட்ஸ் மேசையிலும் கோலிலும் யாரும் கை வைக்கவில்லை. பந்துகளும் அவற்றைப் போடும் வரிசையும் மாறின, புது ஆட்டம் பிறந்தது.

மருத்துவச்சியைக் கிளெரிக் என்ற மதகுரு வகையிலிருந்து உருவாக்கினாலும் இதே எச்சரிக்கை. முதல் லெவலில் மந்திரம் போட இரண்டே வாய்ப்பு. அதை இரண்டு கஷாயப் பொட்டலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘சோலைக்குள் போனால் மூலிகை பறித்துக்கொள்ளலாம்’ என்று ஒருமுறை இரக்கப்பட்டுவிட்டால் வரம்பு போய்விடும், யாருக்கும் அடிபடுகிற பயமே இருக்காது. இரவு முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து காய்ச்சினால்தான் புதிய பொட்டலம் என்று வையுங்கள்.

இனி வருவது ஆட்டக் கணக்கைவிடப் பெரிய தவறு. நீலகிரி என்றதும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் என்று பட்டியல் போட்டு, ஆட்டத்தில் எல்ஃப், ட்வார்ஃப் என்ற கற்பனை இனங்கள் இருந்த இடத்தில் அவர்களைப் பொருத்துவது. ஒரு சமூகத்துக்கு உடல்வலு +2, இன்னொன்றுக்கு மந்திரம் இலவசம். குறும்பரை மந்திரவாதி ஆக்குவது பலருக்குச் சுவையான யோசனையாகப் படுகிறது. சூனியம் வைத்தார்கள் என்று பழி சுமத்தி, 19ஆம் நூற்றாண்டில் இதே மலையில் குறும்பர் குடும்பங்களைக் கொன்றிருக்கிறார்கள். அந்தப் பழியையே போனஸாக எழுதி மேசையில் வைக்கக் கூடாது. இவர்கள் நம்மோடு ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், நாளைக்கு உங்கள் மேசையிலேயே வந்து உட்காரக்கூடியவர்கள். கோத்தர்கள் கொல்லு வேலைக்கும் இசைக்கும் பெயர் பெற்றவர்கள் என்பது உண்மை. அதற்காகக் கோத்தர் வீட்டுப் பெண் கேரக்டர் நர்ஸாகவோ துப்பறிபவராகவோ இருக்கக் கூடாதா?

டிஎன்டியே இதைத் திருத்திக்கொண்டது. பிறப்போடு ஒட்டியிருந்த போனஸை விரும்பிய இடத்துக்கு மாற்ற 2020இல் ஒரு மாற்று விதி வந்தது. 2024 கையேட்டில் அந்தப் போனஸ் முழுவதும் கேரக்டரின் பின்னணிக்குப் போய்விட்டது. ஒரு பின்னணிக்கு மூன்று பண்புகள், இரண்டு திறமைகள், ஒரு கருவி, ஒரு தனிச்சிறப்பு. நம் மலைக்கு இது வரப்பிரசாதம். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தான பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, மலை ரயிலில் பல்சக்கரப் பாதையைப் பராமரிக்கும் ஊழியரின் மகள், ஏலக் கிடங்கில் மூட்டை தூக்கி வளர்ந்தவன் என்று எழுதிக்கொண்டே போகலாம். கேரக்டர் எங்கே வளர்ந்தது, எந்த வேலையில் கை பழகியது என்பதிலிருந்து எண்கள் வரட்டும்.

குறைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. 1986இல் வந்த கர்ப்ஸ் என்ற இன்னொரு கேரக்டர் ஆட்டத்தில் கேரக்டருக்குக் குறை வைத்தால் அதற்குப் புள்ளிகள் கிடைக்கும். ‘முன்கோபி’ என்று எழுதிப் புள்ளியை வாங்கிக்கொண்டு, ஆட்டத்தில் ஒருமுறைகூடக் கோபப்படாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபேட் ஆட்டத்தின் வழி மேல். குறை உண்மையிலேயே காலை வாரும் அந்த நேரத்தில்தான் ஒரு புள்ளி கையில் வரும். டிஎன்டியில் கேரக்டரை நன்றாக நடித்ததற்குப் பரிசாகக் கிடைக்கும் இன்ஸ்பிரேஷனை இப்படிப் பயன்படுத்தலாம்.

அப்புறம், கேரக்டரின் அடையாளத்தை ஆறாம் லெவலுக்குத் தள்ளி வைக்காதீர்கள். இரண்டு வகைகளைக் கலந்தால்தான் நான் நினைத்த ஆள் வருவார் என்று காத்திருப்பவர்கள் உண்டு. கலக்க இரண்டு வகைக்குமான முக்கியப் பண்பும் 13 இருக்க வேண்டும், லெவலும் ஏற வேண்டும். பரீட்சை, வேலை, மழை என்று பாதியில் நின்றுபோகிற குழுக்களே அதிகம். ஜீப் டிரைவர் முதல் நாளே ஜீப் ஓட்ட வேண்டும்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். மூல விதியை ஷீட்டின் பின்பக்கம் எழுதி வைத்தால், சரிவராதபோது திரும்பிப் போக வசதி. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகிவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அதைத் தமிழில் எழுதவும் மாற்றவும் அச்சடித்துப் பக்கத்து ஊர்க் குழுவுக்குக் கொடுக்கவும் தடையில்லை.