மேடையில் தகராறு வராத வினாடி வினா கேள்விகளைத் தயாரிப்பது எப்படி?

"அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் எது?" பாதரசம் என்று விடையை எழுதி வைத்துக்கொண்டு, மே மாதம் வேலூரில் ஏசி இல்லாத அரங்கில் இதைக் கேட்டுப் பாருங்கள். காலியம் 29.76 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சீசியம் அதற்கும் முன்னால், 28.5 டிகிரியில். வேதியியல் படித்த ஒரு மாணவி எழுந்து "சார், இந்த அறையில் காலியமும் திரவம்தான்" என்றால் அவருக்கு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். "25 டிகிரி செல்சியஸில், இயற்கையில் கிடைக்கும் உலோகங்களில்" என்று கேள்வியில் சேர்த்திருந்தால் பேச்சே இல்லை.

வினாடி வினாவில் வரும் சண்டைகளில் முக்கால்வாசி இப்படித்தான் வருகின்றன. விடை சரியாக இருக்கும். கேள்வியில் ஓட்டை இருக்கும். அதனால் கேள்வியை விடையிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். முதலில் விடையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதைப் பற்றிய ஒரு தகவல், பிறகு அந்தத் தகவல் வேறெந்த விடைக்கும் பொருந்தாதபடி வேலி. எழுதி முடித்ததும் கட்சி மாறுங்கள்: எதிரணி வக்கீல் போல உட்கார்ந்து, இதே கேள்விக்கு இன்னொரு சரியான விடை கிடைக்கிறதா என்று கால் மணி நேரம் தேடுங்கள். கிடைத்தால் வேலியை இன்னும் நெருக்க வேண்டும்.

அதிகம் வேலி தேவைப்படுவது "மிக" என்று தொடங்கும் கேள்விகளுக்கு. உலகின் மிக உயரமான மலை எது? கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்; 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரிலுள்ள சிம்போராசோ சிகரம்தான் மிகத் தொலைவில் நிற்கிறது, ஏனென்றால் பூமி நிலநடுக்கோட்டருகே புடைத்திருக்கிறது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை என்றால் ஹவாயின் மௌனா கேயா. கடலுக்கு மேலே தெரிவது 4,200 மீட்டர் சொச்சம்தான், கடலடியிலிருந்து எண்ணினால் 10,000 மீட்டரைத் தாண்டும். மூன்றுமே நல்ல விடைகள். மூன்று தனிக் கேள்விகளாக ஆக்கிக்கொள்ளுங்கள், சிம்போராசோ கேள்வி மூன்றிலும் சுவையானது.

பாலைவனமும் அப்படித்தான். மணலை வைத்து அல்ல, மழை குறைவை வைத்துத்தான் பாலைவனம் என்கிறோம். எனவே அண்டார்டிகாவே மிகப் பெரியது. சகாராவை விடையாக வாங்க "வெப்பப் பாலைவனம்" என்று சொல்லியாக வேண்டும். மிக நீளமான நதி எது என்ற கேள்வியை மட்டும் கைவிட்டுவிடுங்கள். நைல், அமேசான் இரண்டுக்கும் எது தொடக்கம் என்பதிலேயே கருத்து வேறுபாடு. எந்த வேலியும் அங்கே நிற்காது.

"முதல்" என்ற சொல்லில் இன்னொரு வலை. உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா, 1960: இது பத்திரமான கேள்வி. முதல் பெண் ஜனாதிபதி என்று கேட்டால் இருவர் வந்து நிற்பார்கள். அர்ஜென்டினாவின் இசபெல் பெரோன் 1974-இல் கணவர் இறந்ததும் துணை ஜனாதிபதி பதவியிலிருந்து மேலே வந்தவர். ஐஸ்லாந்தின் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் 1980-இல் ஜனாதிபதி தேர்தலிலேயே வென்றவர். எதைக் கேட்கிறீர்கள் என்பதைக் கேள்வியே சொல்ல வேண்டும். பதவிப் பெயரிலும் கவனம் தேவை. தமிழ்நாட்டுச் செய்தித்தாள் "அமெரிக்க அதிபர்" என்று எழுதும். இலங்கையில் அதிபர் என்றால் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். இரு நாட்டு மாணவர்களும் வரும் இணையவழிப் போட்டியென்றால் "ஜனாதிபதி" என்றே எழுதிவிடுங்கள், இருவருக்கும் புரியும்.

அடுத்தது காலாவதி. கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானா. 2019-இல் நூர்சுல்தான் ஆனது. 2022-இல் மறுபடி அஸ்தானா. 2018-இல் அச்சான பொது அறிவுப் புத்தகம் நடுவில் மூன்று வருடம் தவறாக இருந்து, இப்போது தானாகவே சரியாகிவிட்டது! எல்லாப் புத்தகத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. சுவாசிலாந்து 2018 முதல் எஸ்வாட்டினி. புளூட்டோ 2006 முதல் குறுங்கோள். மிக அதிக நிலவுகள் எந்தக் கோளுக்கு என்பதில் 2023-இல் வியாழன் சிறிது காலம் முன்னே நின்று, மறுபடி சனி முந்திக்கொண்டது; 2025 மார்ச்சில் 128 புதிய நிலவுகள் சேர்ந்து சனியின் கணக்கு 274 ஆனது. எண்ணிக்கை, சாதனை, பதவி, நாட்டின் பெயர் ஆகிய நான்கும் வரும் கேள்விகளுக்கு ஓரத்தில் சரிபார்த்த தேதியைக் குறித்து வையுங்கள். போட்டிக்கு முந்தைய நாள் அவற்றை மட்டும் இன்னொரு முறை பார்த்தால் போதும்.

சரிபார்ப்பதற்கு யாருடைய சொல் முடிவானதோ அவரிடமே போங்கள்: கோள்களுக்குச் சர்வதேச வானியல் ஒன்றியம், நோபலுக்கு நோபல் பரிசின் சொந்தத் தளம், நாடுகளின் பெயருக்கு ஐ.நா. பத்துத் தளங்களில் ஒரே வாக்கியம் இருந்தால் அது பத்துச் சான்று அல்ல, ஒரு தவறின் பத்துப் பிரதிகளாகவும் இருக்கலாம். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பது அப்படிப் பரவியதுதான். 2003-இல் விண்ணுக்குப் போன சீன வீரர் யாங் லிவெய், பூமியைச் சுற்றும் பாதையிலிருந்தே தன் கண்ணுக்கு அது தெரியவில்லை என்றார். ஐன்ஸ்டைனுக்கு நோபல் சார்பியல் கொள்கைக்காக அல்ல, ஒளிமின் விளைவுக்காக. அதிலும் 1921-க்கான பரிசு 1922-இல் வழங்கப்பட்டது. ஆண்டைக் கேட்டால் இரண்டு விடைக்கும் ஆள் இருப்பார்கள். உலகைச் சுற்றி முடித்தவர் மெகல்லன் அல்ல. அவர் 1521-இல் பிலிப்பைன்ஸின் மக்டானில் கொல்லப்பட்டார். 1522 செப்டம்பரில் விக்டோரியா கப்பலை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தவர் எல்கானோ.

இதுவரை சொன்னது கேள்வி தப்பாகாமல் இருக்க. நன்றாக இருக்க என்ன செய்வது? ஒரு விடையை எடுத்துக்கொள்வோம்: பனாமா கால்வாய். "பனாமா கால்வாய் எந்த ஆண்டு திறக்கப்பட்டது?" தெரிந்தவன் 1914 என்பான், தெரியாதவன் விழிப்பான், யோசிக்க அதில் எதுவுமில்லை. இப்படி மாற்றுங்கள்: "அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் கப்பல் மேற்கே போகும் என்றுதான் நினைப்போம். ஆனால் இந்த நீர்வழியில் அது வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகிறது. 1914 ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்ட இது எது?" இரண்டு பெருங்கடல் என்றதும் குழு யோசிக்கத் தொடங்கும், திசை குழப்பும், ஆண்டு உறுதிப்படுத்தும். விடை கேட்டதும் வரைபடத்தைத் திரையில் காட்டுங்கள். அந்த நிலம் வளைந்து கிடப்பதைப் பார்த்து அரங்கமே "அட" என்னும்.

பஸ்ஸர் சுற்றுக்குத் துப்புகளின் வரிசை முக்கியம். கடினமானது முன்னே, சுலபமானது கடைசியில். "1868-இல் சூரிய ஒளியின் நிறமாலையில் தடம் காட்டிய இந்தத் தனிமத்தைப் பூமியில் பிரித்தெடுக்க 1895 வரை ஆனது, பிரித்தவர் வில்லியம் ராம்சே, கிரேக்கச் சூரியக் கடவுளின் பெயரைக் கொண்டது, பலூனில் நிரப்புவது." பலூனை முதலில் வைத்தால் அறிவுப் போட்டி விரல் போட்டியாகிவிடும். சரிக்கு 10, தவறுக்குக் கழித்தல் 5 என்று வையுங்கள். கழித்தல் இல்லாவிட்டால் இரண்டாவது சொல்லிலேயே அத்தனை பஸ்ஸரும் அலறும்.

தமிழில் கேட்பவருக்கென்றே ஒரு தொல்லை உண்டு: காது. நைஜர், நைஜீரியா, ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா, கானா, கயானா, டொமினிக்கா, டொமினிக்கன் குடியரசு. ஒலிபெருக்கி இரைச்சலில் இவற்றில் பாதி ஒன்றாகத்தான் கேட்கும். கினி என்ற பெயர் நான்கு நாடுகளில் வருகிறது; காங்கோ இரண்டு, அவற்றின் தலைநகர்களான கின்ஷாசாவும் பிரஸாவில்லும் ஒரே ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில். இப்படிப்பட்ட கேள்வியைத் திரையில் எழுத்தாகவும் காட்டுங்கள். (ஒரு குழுவுக்குத் தெரியாத கேள்வி அடுத்த குழுவுக்குப் போகும் பாஸ் முறையைப் "பௌன்ஸ்" (bounce) என்றும், தன் முறை வருமுன் முந்திக்கொண்டு விடையை எழுதிக் கொடுப்பதையும் "பௌன்ஸ்" (pounce) என்றும் தமிழில் ஒரே மாதிரி எழுதுவதால், விதிமுறைத் தாளிலேயே குழப்பம் வரலாம். "சுற்றி வருவது", "முந்திச் சொல்வது" என்று எழுதிவிடுங்கள்.) மில்லியன், பில்லியனை 10 லட்சம், 100 கோடி என்று மாற்றிச் சொல்வது நல்லது.

விடைத்தாளில் விடை மட்டும் போதாது, எதையெல்லாம் ஏற்கலாம் என்பதும் வேண்டும். பெரும்பாலான அறிஞர்களுக்குக் குடும்பப் பெயர் போதும். "கியூரி" போதாது: மேரி, கணவர் பியேர், மகள் ஐரின் மூவருமே நோபல் பெற்றவர்கள். பொலிவியாவின் தலைநகருக்கு அரசியலமைப்பின்படி சுக்ரே, அரசு நடப்பது லா பாஸில். கேள்வியில் வேலி போட மறந்திருந்தால் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எத்தனை கேள்வி வேண்டும்? 6 குழு, குழுவுக்கு 2 நேரடிக் கேள்வி வீதம் 3 சுற்று என்றால் 36. படச் சுற்றுக்கு 6, பஸ்ஸருக்கு 10, கையிருப்பு 8. ஆக 60. யோசிக்க 30 விநாடி, பாஸ் ஆனால் 10 விநாடி, விளக்கம் எல்லாம் சேர்த்துக் கேள்விக்குச் சராசரி ஒன்றரை நிமிடம் பிடிக்கும். கையிருப்பு நீங்கலாக 52 கேள்விக்கு 78 நிமிடம். பாஸ் எப்போதும் ஒரே திசையில் போனால் திணறும் குழுவுக்கு அடுத்த நாற்காலிக்காரர்களுக்கு யோகம். பாதியில் திசையை மாற்றுங்கள். எல்லாக் கேள்வியையும் போட்டியில் இல்லாத இரண்டு பேரிடம் முன்பே வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். தெரியாமல் போனால் பரவாயில்லை, விடையைச் சொன்ன பிறகும் "யார் அது?" என்று கேட்டால் அந்தக் கேள்வியைத் தூக்கிவிடுங்கள்.

படச் சுற்றில் கொடிகள் வைத்தால் புரொஜெக்டரைப் போட்டிக்கு முன்பே சோதியுங்கள். சாட், ருமேனியா இரண்டின் நீலமும் கொஞ்சம்தான் வேறு. வெளிறிய திரையில் அதுவும் போய்விடும். இந்தோனேசியாவுக்கும் மொனாக்கோவுக்கும் நீள அகல விகிதம் மட்டுமே வித்தியாசம். இந்த நான்கையும் தவிர்ப்பது உத்தமம்.

சமநிலைக்கு எண் கேள்வி ஒன்றை உறையில் போட்டு வையுங்கள், அலகையும் சொல்லியே கேளுங்கள்: "சூரிய ஒளி பூமிக்கு வர சராசரியாக எத்தனை விநாடி?" விடை 499. இரு குழுவும் ஒரே நேரத்தில் தாளில் எழுத வேண்டும், நெருங்கியவருக்கு வெற்றி. "எட்டு நிமிடம்" என்று எழுதியிருந்தால் 480 என்று கொள்ளுங்கள். இதையும் விதிமுறை வாசிக்கும்போதே அறிவித்திருக்க வேண்டும்.