பலன் கருதாப் பணி: பிள்ளைகளை உழவாரத்துக்கு அழைத்துப் போகும் முறை

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்பதுதான் பல வீடுகளில் வினை பற்றிய முதல் பாடம். பிள்ளை ஒருநாள் பொய் சொல்லிப் பார்க்கும். கண் நன்றாகவே இருக்கும். அதன்பிறகு வினை என்று நீங்கள் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. அடுத்த பாடமாக வரும் "நல்லது செஞ்சா புண்ணியம்" என்பதும் கணக்கு வழக்காகத்தான் முடிகிறது. இரண்டையும் விட்டுவிட்டுக் கையில் ஒரு களைக்கொத்தைக் கொடுங்கள். சைவ மரபில் இதற்கென்றே உள்ள பயிற்சி உழவாரப் பணி. கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கித் தரையைத் துப்புரவாக்கும் இந்த வேலையை ஏழாம் நூற்றாண்டில் அப்பர் என்று அழைக்கப்படும் திருநாவுக்கரசர் ஊர் ஊராகச் செய்தார்.

கூட்டம் குறைந்த சிறிய கோயிலாகத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரமே குருக்களிடமும், அறநிலையத் துறைக் கோயிலென்றால் செயல் அலுவலரிடமும் அனுமதி வாங்கிவிடுங்கள். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும். காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடலாம். வெயில் ஏறினால் கல்தரையில் கால் வைக்க முடியாது. கிளம்புமுன் கஞ்சியோ இட்லியோ கொடுத்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு போனால் மனம் முழுக்கப் பொங்கலில்தான் இருக்கும்.

எட்டுப் பிள்ளைகளுக்கு நான்கு களைக்கொத்து, நான்கு துடைப்பம், மூன்று சாக்கு, ஆளுக்கொரு ஜோடிக் கையுறை, கால் கிலோ அரப்புத்தூள், நூறு கிராம் புளி, கொஞ்சம் சாம்பல், பழைய வேட்டித் துணி போதும். கோயிலுக்குள் வெறுங்கால் என்பதால், நெருஞ்சி இருக்கிறதா என்று முந்தின நாளே பெரியவர்கள் பார்த்துப் பிடுங்கிவிட வேண்டும். பார்த்தீனியம் தோலில் அரிப்பைக் கொண்டுவரும். அதையும் பிள்ளைகளிடம் விடாதீர்கள். கிடக்கும் கல்லைப் புரட்டுமுன் கம்பால் தட்டுங்கள், அடியில் தேள் இருக்கலாம். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க யாரையும் ஏற்றக் கூடாது. கல்வெட்டுள்ள சுவரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும், ஆசிட் ஊற்றுவதும் பெருங்கேடு. எழுத்து போனால் போனதுதான்.

ஐந்து முதல் ஏழு வயதுக்காரர்களுக்குச் சருகு பொறுக்குவது போதும், அதுவும் அரைமணி நேரம். எட்டு வயதுக்கு மேல் களை எடுக்கலாம், அகல்களைத் துலக்கலாம். பித்தளை விளக்குக்குப் புளியும் சாம்பலும். எண்ணெய்ப் பிசுக்குள்ள தரையை முதலில் துணியால் ஒற்றி எடுத்து, அரப்பைத் தூவிப் பத்து நிமிடம் விட்டு, வெந்நீர் ஊற்றித் தேய்க்க வேண்டும். எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் பரவி, வழுக்கி விழுவார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கோரைப் புல் எடுக்கும் வேலையைக் கொடுங்கள். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது கிழங்கோடு தோண்ட வேண்டும். எவ்வளவு தோண்டினாலும் ஒரு கிழங்காவது தங்கிவிடும். சில வாரத்தில் மறுபடி தலைகாட்டும். "அப்புறம் எதுக்கு எடுக்கணும்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் கோரையைக் கொடுக்கச் சொல்கிறோம்.

பதிலை உடனே சொல்லாமல் இடைவேளையில் திருப்புகலூர்க் கதையைச் சொல்லுங்கள். அங்கே அப்பர் உழவாரம் என்ற புல் செதுக்கும் கருவியால் நிலத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, பருக்கைக் கற்களுக்கு நடுவே பொன்னும் மணியும் கிடக்கச் செய்தார் இறைவன். அப்பர் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்காமல் சேர்த்து அள்ளிக் குளத்தில் எறிந்தார். இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "இதிலிருந்து என்ன தெரிகிறது" என்று கேட்டுக் கெடுக்க வேண்டாம். "ஏன் எறிஞ்சார், ஏழைங்களுக்குக் குடுத்திருக்கலாமே?" என்று பிள்ளைகளே சண்டைக்கு வருவார்கள். நல்ல சண்டை, நடக்கட்டும். முடிவில் "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்ற அவருடைய அடியை மட்டும் பாடிக் காட்டுங்கள். கீதையின் இரண்டாம் அத்தியாயம் 47ஆம் சுலோகமும் இங்கே பொருந்தும். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே என்று அதே சுலோகம் முடிகிறது. கோரைக் கேள்விக்குப் பதில் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

மூவகை வினையைப் பத்து வயதுக்குப் பிறகு சொல்லலாம். குதிரில் கிடக்கும் நெல் சஞ்சிதம், அதாவது சேர்ந்து கிடக்கும் பழைய வினை; சமைத்து இலையில் விழுந்துவிட்ட சோறு பிராரப்தம், இப்போது அனுபவிக்கும் வினை; இன்று வயலில் விதைப்பது ஆகாமியம், இனிமேல் பலன் தரப்போகும் வினை. இலையில் விழுந்ததை மாற்ற முடியாது. விதைப்பது நம் கையில் இருக்கிறது. "திருடினவன் நல்லாத்தானே இருக்கான்?" என்ற கேள்விக்கும் இதுவே போதும்: அவன் இலையில் இருப்பது பழைய நெல்.

ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு முள் இருக்கிறது. நடக்க முடியாத ஒருவரைப் பார்த்து "போன ஜென்மத்துப் பாவமா?" என்று பிள்ளை கேட்கும். அங்கே தயங்காதீர்கள். வினைக் கணக்கை நம் செயலைப் பார்த்துக்கொள்ள மட்டும்தான் எடுக்க வேண்டும், அடுத்தவர் துன்பத்துக்குக் காரணம் சொல்ல அல்ல. அவர் படியேறக் கை கொடுப்பதுதான் இப்போது நம் வேலை என்று அழுத்திச் சொல்லுங்கள். இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் கற்பித்தும் பயனில்லை.

பரீட்சை பற்றியும் கேட்பார்கள். பலன் வேண்டாமென்றால் ஏன் படிக்க வேண்டும்? நன்றாகப் படிப்பது உன் வேலை, வினாத்தாளும் திருத்துபவரும் உன் கையில் இல்லை என்று சுருக்கமாகச் சொன்னால் போதும்.

பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது பெரியவர்கள்தான். சுவரில் சார்ட் மாட்டி ஸ்டார் ஒட்டுகிறார்கள், அதோடு பணி கூலியாகிவிடுகிறது. ஸ்டார் நின்றால் பிள்ளையும் நின்றுவிடும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால் அடுத்த முறை துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கேமரா எங்கே என்று தேடுவார்கள். "சமத்து" என்று புகழ்வதைவிட, "இந்த மூலையில கிழங்கு தங்கிருச்சு, பாரு" என்று வேலையைப் பற்றிப் பேசுவது நல்லது. புண்ணியம் சேரும் என்று ஆசை காட்டுவதும் கூலிதான். இங்கே செய்தது மறுமைக்கு ஆகும் என்று கொடுக்கும் "அறவிலை வணிகன்" அல்லன் வள்ளல் ஆய் அண்டிரன் என்று புலவர் முடமோசியார் புறநானூற்றில் பாடியதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அந்தச் சொல்லாட்சி அவர்களுக்குப் பிடிக்கும்.

பிரசாதம் இருந்தால் பணி செய்த பிள்ளைகளே முதலில் மற்றவர்களுக்குக் கொடுக்கட்டும். வேலை செய்யாமல் சும்மா வந்தவருக்கும் அதே அளவு. தாங்கள் கடைசியில் சாப்பிடட்டும். சில நாள் தீர்ந்துபோகும்; முகம் சுண்டும். சமாதானத்துக்கு உடனே கடையில் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

மாதம் ஒருமுறை போதும். தொடங்க நல்ல நாள் தேடினால் சித்திரைச் சதயம், அப்பர் குருபூசை. வரமாட்டேன் என்கிற பிள்ளையை அந்த மாதம் விட்டுவிடுங்கள், ஏன் வரவில்லை என்று பிறகு விசாரிக்கவும் வேண்டாம். கிளம்புமுன் கருவிகளை மண் போகக் கழுவித் துடைத்து, களையைச் சாக்கில் கட்டி, இரவல் வாங்கிய வாளியைக் கோயிலைக் காக்கும் மெய்க்காவலரிடம் பிள்ளைகளே திருப்பிக் கொடுக்க வேண்டும்.