ஐப்பசி, கார்த்திகைல பொழுது சீக்கிரம் சாயுதா, அன்றாடப் பழக்கத்த இப்படி மாத்திக்கோங்க

தென்காசி மாவட்டத்துல செங்கோட்டை, புளியரை, பண்பொழி பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, மேற்க மலை நிக்கிறதால காலண்டர்ல போட்டிருக்கிற நேரத்துக்கு முன்னாடியே நமக்கு சூரியன் மறைஞ்சிரும். ஜூலைல 6.45 வாக்குல நடக்கிற அஸ்தமனம் கார்த்திகை தொடக்கத்துல 6 மணிக்கே வந்துரும், அதோட மழை மேகமும் சேந்துச்சுன்னா 5 மணிக்கே வீட்டுக்குள்ள லைட்டு போடணும். எல்லாரும் மார்கழிலதான் சீக்கிரம் இருட்டும்னு நினைக்காங்க. டிசம்பர் 21, 22-ல பகல் ரொம்ப குட்டைங்கிறது சரிதான், ஆனா நம்ம பக்கம் அஸ்தமனம் ரொம்ப சீக்கிரம் வர்றது நவம்பர் நடுவுலதான். அதனால இந்த மாத்தத்தையெல்லாம் ஐப்பசிலயே ஆரம்பிச்சிருங்க.

ஒண்ணு கவனிங்க, நமக்கு வருஷத்துல நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். லண்டன்ல டிசம்பர்ல பகல் 8 மணி நேரம் கூட கிடையாது, அங்கெல்லாம் குளிர்காலத்துல மனசு சோர்ந்து போறதுக்கு 1984-லயே டாக்டருங்க ஒரு நோயாவே பேர் வச்சிட்டாங்க. நமக்கு அந்த அளவுக்கு இல்ல. ஆனா மழைன்னு சொல்லி வீட்டுக்குள்ளயே அடைஞ்சி கிடக்கோம் பாத்தீங்களா, அதுலதான் வெளிச்சம் குறையுது, சோம்பலும் தூக்கக் கோளாறும் அங்க இருந்துதான் வருது.

அதனால முதல் வேலை காலைல வெளிய வர்றது. தினமும் ஒரே நேரத்துக்கு எந்திரிங்க, ஞாயித்துக்கிழமைன்னாலும். எந்திரிச்சி ஒரு மணி நேரத்துக்குள்ள முத்தத்துலயோ மாடிலயோ தெருவுலயோ ஒரு 20, 30 நிமிஷம் இருங்க. வெயில் இல்லையேன்னு யோசிக்காதீங்க, வெளிச்சத்த லக்ஸ்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, வீட்டு லைட்டு வெளிச்சம் 100லருந்து 300 லக்ஸ்தான் இருக்கும், மூடாப்பு போட்ட வானம் கூட ஆயிரக்கணக்குல குடுக்கும். அந்த வெளிச்சம் கண்ணுல பட்டாத்தான் உடம்புக்குள்ள ஓடுற கடிகாரம் ‘விடிஞ்சிருச்சி’ன்னு எடுத்துக்கும், ராத்திரி தூக்கமும் அதுக்கு ஏத்தாப்ல நேரத்துக்கு வரும். கோலம் போடுறதும் செடிக்கு தண்ணி ஊத்துறதும் கூட போதும், போன் மட்டும் உள்ளயே கிடக்கட்டும். மழை விடாம பேஞ்சா திண்ணைல உக்காந்து கட்டன்சாயா குடிங்க, அதுவும் கணக்குலதான். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி மட்டும் இந்த நேரத்துல அதிகம் கிடைக்காது, அதுக்கு 11 மணிலருந்து 2 மணிக்குள்ள மேகம் விலகுறப்ப கொஞ்ச நேரம் கை கால்ல வெயில் படணும்.

கார்த்திகை 1-க்கு மாலை போடுறவங்க 4 மணிக்கு எந்திரிச்சி பச்சத்தண்ணில குளிச்சி சரணம் சொல்லுவாங்க, நல்ல பழக்கம். ஆனா ராத்திரி பஜனை முடிஞ்சி 11 மணிக்கு படுத்து 4 மணிக்கு எந்திரிச்சா 41 நாளும் உடம்பு தாங்காது சாமி, பஜனை இல்லாத நாள்ல 9 மணிக்கே படுத்துருங்க. இல்லன்னா மத்தியானம் ஒரு 20 நிமிஷம் கண்ண மூடுங்க, அதுக்கு மேல வேண்டாம்.

எனக்கு ரொம்ப கவலை பீடி சுத்துற அக்காமாரு மேலதான். சுளவ, அதாவது முறத்த, மடில வச்சி, தலைய குனிஞ்சி, இலைய வெட்டி தூள வச்சி உருட்டி, முனைய மடக்கி, நூலச் சுத்தி அடுத்தத எடுக்கிறதுக்குள்ள மூச்சு விடக்கூட நேரமிருக்காது, அதுவும் மழைக்காலத்துல இலை நமத்துப் போகும்னு உள்ரூம்ல ஒத்த பல்புக்குக் கீழ உக்காந்து காலைலருந்து சாயங்காலம் வரைக்கும். தூறல் இல்லாதப்ப தயவுசெஞ்சி சுளவ திண்ணைக்கு கொண்டு வாங்க, கூட ரெண்டு பேர சேத்துக்கோங்க, பேசிக்கிட்டே சுத்துறப்ப மனசும் லேசாகும். ஒவ்வொரு கட்டு முடிஞ்சதும் எந்திரிச்சி நின்னு கழுத்த ரெண்டு பக்கமும் திருப்பி, தோளச் சுழட்டி, தூரத்துல தெரியுற மலையப் பாத்து கண்ணுக்கு ஓய்வு குடுங்க.

நடக்கப் போறவங்க 6 மணி வாக்கிங்க 4.30-க்கு மாத்திக்கோங்க. இருட்டுனப்புறம் வயக்காட்டு வரப்புல போகவே வேண்டாம், மழைக்கு பாம்பு மேட்டுக்கு ஏறி வரும், போயே ஆகணும்னா டார்ச்சும் கால மூடுற செருப்பும் வேணும்.

அடுத்தது விளக்கு வைக்கிற நேரம். எங்க ஆச்சி “ஏட்டி, விளக்கு வைக்கிற நேரத்துல என்ன படுக்க, எந்திரி”ன்னு சத்தம் போடுவா, அது ரொம்ப சரி, அந்திக்கு அரை மணி நேரம் தூங்கிட்டா ராத்திரி 12 ஆனாலும் கண்ணு சொருகாது. அந்த நேரத்துல முகம் கழுவி விளக்கேத்தி, பிள்ளைங்கள படிக்க உக்கார வச்சிருங்க, படிக்கிற இடத்துல மட்டும் வெளிச்சம் நல்லா இருக்கட்டும். 8 மணிக்கு மேல டியூப்லைட்ட அணைச்சிட்டு மஞ்ச பல்பு ஒண்ணு போதும், ஏன்னா பளீர்னு வெளிச்சம் இருந்தா தூக்கத்துக்கு உதவுற மெலடோனின் சுரக்கிறது தள்ளிப் போகும். போனும் டிவியும் படுக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நிக்கணும். டீ காபியெல்லாம் சாயங்காலம் 4 மணியோட சரி, குடிச்ச கஃபீன்ல பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதுக்கு அப்புறம் தொண்டைக்கு சூடா ஏதாவது வேணும்னா சுக்கு மல்லி போட்டு கருப்பட்டி கொஞ்சமா சேத்து குடிங்க.

ராத்திரி சாப்பாடு 7.30-க்குள்ள, லேசா. கஞ்சியும் பயறும் இந்த மழைக்கு அவ்ளோ நல்லா இருக்கும், கூட ஒரு சுட்ட அப்பளம், இல்லன்னா கொள்ளு ரசமும் சோறும். மரச்சீனிக் கிழங்க மத்தியானத்தோட நிறுத்திக்கோங்க, ராத்திரிக்கு வயிறு கனக்கும். எண்ணெய் தேச்சி குளிக்கிறது வெயில் அடிக்கிற நாள்ல, 10 மணி போல.

கொசுவயும் சேத்து சொல்லிருதேன், டெங்கு கொசு பகல்லதான் கடிக்கும், காலைலயும் அந்திக்கு முன்னாடியும் ஜாஸ்தி. நாம வெளிச்சத்துக்கு உக்காரச் சொன்ன நேரமும் அதேதான், அதனால கை கால மூடுற துணி போட்டுக்கோங்க. தொட்டி, சிரட்டை, பழைய டயர்ல நிக்கிற தண்ணிய வாரம் ஒரு தடவ கொட்டிருங்க, முட்டைலருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

இதெல்லாம் செஞ்சும் ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பே இல்லாம, சரியா தூங்காம, சாப்பாடு இறங்காம இருந்தா அத மழைக்காலச் சோம்பல்னு விட்டுராதீங்க, டாக்டர பாருங்க. 14416-க்கு போன் போட்டா அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலி மானஸ்ல தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க.