புகைப்படத்தின் மேல் தீட்டுகிறீர்களா? தாளையும் மையையும் முதலில் பாருங்கள்

இயற்கைக் காட்சிகளைப் படமெடுத்து, அச்சிட்டு, அந்த அச்சின் மேலேயே வண்ணம் தீட்ட வருகிறவர்கள், ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். தொடுவானம் சாய்வது, ஃபோகஸ் தவறுவது எல்லாம் பார்த்ததுமே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதில் அச்சிட்டது என்று கேட்காமல் தீட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். புதிதாகக் கற்கும் ஒருவர் பெரிய மலைத்தொடர்ப் படம் ஒன்றைப் பளபளப்பான தாளில் அச்சிட்டு எடுத்து வந்தார். மலைகளுக்கு நடுவே விடியற்காலை மூடுபனி, அருமையான படம். மூடுபனியில் தண்ணீர் கலந்த அக்ரிலிக் வண்ணத்தைத் தடவினார். சற்று நேரத்தில் மலையின் கரிய மை கரைந்து இறங்கி, பனி ஊதாவாகிவிட்டது. பதறித் துடைத்ததில் படமே போயிற்று. பெரிய அச்சுக்குக் கொடுத்த பணமும் வீண்.

அந்த அச்சில் இருந்தது டை மை, அதாவது நிறம் திரவத்தில் கரைந்திருக்கும் மை. தண்ணீர் பட்டால் கரையும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்துகள்களாக இருப்பதால் ஈரத்தை அதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் மை மட்டும் சரியாக இருந்தால் போதாது. பளபளப்பான ஃபோட்டோ பேப்பர் பெரும்பாலும் இருபுறமும் பிளாஸ்டிக் பூசியது. வண்ணம் உள்ளே இறங்க இடமில்லை. தடிமனாகத் தீட்டினால், காய்ந்தபின் நகம் பட்டாலே உரிந்து வரும்.

அச்சகத்தில் இரண்டையும் சொல்லிக் கேளுங்கள்: பிக்மென்ட் மை, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள மேட், அதாவது பளபளப்பில்லாத, பருத்தித் தாள். ஒரு நாள் காயவிடுங்கள். அப்புறம் அதே தாளில், அதே மையில் அச்சான ஒரு துண்டை ஈரப்பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் படத்தில் தூரிகையை வைக்காதீர்கள். ஏறாவிட்டால் மேட் அக்ரிலிக் மீடியத்தை (நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு) மெல்லிசாக ஒரே இழுப்பில் பூசி, காய்ந்தபின் தொடங்குங்கள்.

"ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் ஃபோட்டோ லேபில் போட்ட சாதாரணப் பிரிண்ட்டில்தானே தீட்டினார்?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அந்தச் சிறிய வண்ணப் பிரிண்ட்டுகளில் நிறம் ஜெலட்டின் அடுக்குக்குள் இருக்கும். அவர் பயன்படுத்தியதோ தண்ணீரே கலக்காத எண்ணெய் வண்ணம். மையைத் தெளித்து அச்சிடும் நம் இங்க்ஜெட் அச்சுக்கு அது முன்மாதிரி ஆகாது.

பருத்தித் தாளில் நேரடியாக எண்ணெய் வண்ணம்

வேண்டாம். எண்ணெய் ஊறிய தாள் நாளடைவில் நொறுங்கும்.

அடர்கறுப்பு நிழல்கள்

திரையில் அழகாகத் தெரியும் கறுப்பு, தாளில் விவரமில்லாத திட்டாகிவிடும். மேலே வார்னிஷ் பூசினால் இன்னும் இருளும். அதன்மேல் வெளிர் நிறம் தீட்டினால் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். அதனால் அச்சிடும் முன்பே நிழல்களைக் கொஞ்சம் வெளுத்துவிடுங்கள்.

தூரத்து மலையில் அழுத்தமான தீற்றல்

இடையில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான் தொலைவு நீலமாக, மங்கலாகத் தெரிகிறது. அங்கே கூர்மையாகத் தீட்டினால் மலை முன்னால் வந்து நிற்கும்.

பிறர் எடுத்த படம்

அனுமதி கேளுங்கள்.

எல்லாவற்றையும் மூடிவிடுவது

1860களில் ஜப்பானின் யோகோஹாமாவில் புகைப்படக்காரர் ஃபெலிசே பியாட்டோவின் படங்களுக்குக் கையால் நிறம் ஏற்றியவர்கள், புகைப்படம் அடியில் தெரியும்படி மெல்லிய வண்ணமே பயன்படுத்தினார்கள். தடிமனாகத் தீட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எந்தப் பகுதி புகைப்படமாகவே இருக்க வேண்டும் என்று ஒரு சிறிய பிரிண்ட்டில் முன்கூட்டியே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தீட்டத் தீட்டக் கை அந்தப் பக்கம்தான் போகும், விடாதீர்கள்.